நாலாவது முறை கேட்டவன் நான்

அவனுக்குப் பதினோரு வயது. என் மேசைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கால் தரைக்கு எட்டவில்லை. நோட்டைத் திறந்து தேதி போட்டுவிட்டு, எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "வீட்ல யார் யாரெல்லாம் இருக்காங்க தம்பி?"

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தான். அப்பா பெயர், கட்டட வேலை, சாரத்திலிருந்து விழுந்தது, ஆஸ்பத்திரியில் மூன்று நாள், பாட்டி வீடு, ரயில். எந்த இடத்தில் நான் எழுதுவேன் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. "மூணாவது நாள் செத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு, என் பேனா நிற்கும்வரை காத்திருந்தான். அப்புறம் சொன்னான்: "அழுதியான்னு கேப்பீங்கள்ல? கேளுங்க சார்."

நான் கேட்கவில்லை. நோட்டை மூடிவிட்டேன்.

ரயில் நிலையத்தில் கேட்டவர்கள், குழந்தைகள் நலக் குழு முன்பு கேட்டவர்கள் இவர்களையெல்லாம் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் குழந்தைகள் இல்லத்துக்குள் மட்டுமே அந்தக் கதையை அவனிடம் நாலாவது முறை கேட்டவன் நான். அவன் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் மூன்று கேஸ் ஒர்க்கர்கள், அதாவது குழந்தையின் குடும்பத்தை விசாரித்து ஃபைல் எழுதிக் கவனிக்கிற ஊழியர்கள், வந்து போயிருந்தார்கள். முதல் பெண் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டார். இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணமாகி வெளியூர் போனார். மூன்றாவது பையன் ஒரு கடன் கொடுக்கும் கம்பெனியில் மாதம் நாலாயிரம் கூடக் கிடைக்கிறது என்று போனான். மூன்று பேருமே நல்லவர்கள், குழந்தைகளிடம் பிரியமாக இருந்தவர்கள். போகும்போது மூன்று பேருக்கும் பொன்னாடை போர்த்தி அனுப்பினோம். அவர்கள் கையில் இருந்த குழந்தைகளை யாரிடம், எப்படி ஒப்படைப்பது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் ஃபைலை எடுத்துத் தரையில் விரித்தேன். மூன்று கையெழுத்து. ஒவ்வொன்றும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, மூன்றாம் நாலாம் பக்கத்தில் நின்றுபோயிருந்தது. முதல் கையெழுத்தில் பாட்டியின் ஊர் இருந்தது, அம்மாவைப் பற்றி ஒன்றும் இல்லை. மூன்றாவது கையெழுத்தில் "அம்மா பல்லடம் பக்கம் மில்லில் வேலை என்கிறான், விசாரிக்கணும்" என்று ஒரு வரி. இரண்டாவது கையெழுத்தில், பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில் ஒரு போன் நம்பர். பெயர் போடவில்லை. அந்த நம்பருக்கு அன்றே போன் செய்தேன். எடுத்தது பாட்டியின் பக்கத்து வீட்டுக்காரர். அம்மா எந்த மில்லில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏழு மாதமாக அவன் அம்மாவின் முகவரி எங்கள் பீரோவிலேயே இருந்திருக்கிறது, மூன்று துண்டாக.

நான் இந்தத் தென் மாவட்டத்தில், ஐம்பது குழந்தைகள் தங்கக்கூடிய ஒரு இல்லத்தை நடத்தும் அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். நிதி கேட்டுப் புரொபோசல் எழுதுவது என் வேலையில் பாதி. பதினாலு வருஷமாக எழுதுகிறேன். கட்டில், மெத்தை, ஸ்கூல் பேக், குடிநீர் சுத்திகரிப்புக் கருவி, சோலார் ஹீட்டர், ஸ்மார்ட் டிவி, நூலகம் என்று என்னென்னவோ கேட்டு வாங்கியிருக்கிறோம். எதுவும் வீண் இல்லை, குழந்தைகளுக்கு எல்லாமே தேவை. ஆனால் அந்த ஃபைலைத் தரையில் விரித்துப் பார்த்த பிறகுதான், இத்தனை வருஷத்தில் எங்கள் அலுவலகம் ஒழுங்காக நடப்பதற்கென்று ஒரு ரூபாய்கூட நான் கேட்டதில்லை என்பது உறைத்தது. அதைக் கேட்டு எழுதுவது என்று முடிவு செய்தேன். அந்த ஒரு விண்ணப்பத்துக்காக இரண்டரை வருஷம் அலைந்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் எங்கள் குற்றத்தின் அளவைக் காட்டும். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்பு ஆஜர்படுத்த வேண்டும். சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும். குழந்தை முதலில் ஆஜரானதிலிருந்து நாலு மாதத்துக்குள் குழு இறுதி உத்தரவு போட வேண்டும். வீட்டுக்கு அனுப்புவதா, உறவினரிடம் ஒப்படைப்பதா, இல்லத்திலேயே வைப்பதா என்பதெல்லாம் அந்த விசாரணை அறிக்கையை நம்பித்தான் முடிவாகிறது. படிவம் 22 என்று ஒரு காகிதம். அதை நிரப்ப ஒருவர் அந்தக் குழந்தையின் ஊருக்குப் பஸ் ஏறிப் போய், தெருவில் நின்று, நாலு பேரிடம் பேசிவிட்டு வர வேண்டும். ஐம்பது குழந்தைக்கு ஒரே ஒரு கேஸ் ஒர்க்கர், அவரும் மூன்று மாதம் முன்புதான் சேர்ந்தவர் என்றால், படிவம் மேசையிலேயே உட்கார்ந்தபடி நிரப்பப்படும். நிரப்பியிருக்கிறோம்.

முதல் விண்ணப்பம் ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பிரிவுக்குப் போனது. இரண்டு கூடுதல் கேஸ் ஒர்க்கர், இருக்கிறவர்களுக்குச் சம்பள உயர்வு, வாரா வாரம் கேஸ் கூட்டம், ஒருவர் விலகினால் புதியவரோடு சேர்ந்து 15 நாள் வேலை பார்க்கும் ஏற்பாடு. இவ்வளவுதான் கேட்டிருந்தேன். ஒரு வாரத்தில் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். "சார், இதுல பயனாளி யாரு? குழந்தைங்களுக்கு என்ன போகுதுன்னு புரியல. எல்லாமே ஸ்டாஃப் சம்பளமா இருக்கே." அந்த 15 நாள் ஏற்பாட்டைப் பற்றித் தனியாகக் கேட்டார்: "ஒரு வேலைக்கு ரெண்டு பேருக்குச் சம்பளமா? ஆடிட்ல நிக்காது சார்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கும் மேலே ஒரு கமிட்டி. கம்பெனிகள் சட்டம் 135-வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருவாயோ சொத்தோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலில் இருந்து இதுதான் நடைமுறை. கணக்கு மார்ச் 31-ல் முடிகிறது. ஜனவரி கடைசியில் போன் வரும், "அவசரமா ஏதாவது புரொபோசல் இருக்கா?" என்று. அந்த அவசரத்தில் கட்டில் வாங்கலாம். ஐம்பது கட்டில் வந்து இறங்கியதைப் படம் எடுத்து அனுப்பலாம். ஒரு அலுவலகத்தில் ஆட்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் விதம் மாறியதை எந்தப் படத்தில் காட்டுவது? இன்னொன்றும் உண்டு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படியிருந்தும் "குழந்தைங்க சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ" என்று கேட்காத நிதியாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, பயனாளி குழந்தைதான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்காகத் தேட ஆரம்பித்தபோதுதான் டென்னசி ஆய்வு என் கையில் கிடைத்தது.

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் கிளிசனும் அந்தோணி ஹெமல்கார்னும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு அது. அந்த மாநிலத்தின் 24 கவுன்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி), 32 அரசு குழந்தைகள் சேவை அலுவலகங்கள் கவனித்துக்கொண்ட 250 குழந்தைகளைப் பற்றி மூன்று ஆண்டு காலம் தகவல் திரட்டினார்கள். எந்த அலுவலகத்தின் குழந்தைகள் மனதளவிலும் பழக்கவழக்கத்திலும் தேறினார்கள், ஏன் தேறினார்கள் என்பது கேள்வி. குழந்தை தேறுவதற்கு முதல் காரணமாகத் தெரிந்தது அலுவலகச் சூழல். அதாவது, ஊழியர்களுக்குள் சண்டை சச்சரவு குறைவாக இருப்பது, யார் வேலை எது என்ற தெளிவு, ஒருவருக்கொருவர் ஒத்தாசை, ஒவ்வொரு குழந்தையையும் தனி ஆளாகப் பார்க்கிற பழக்கம்.

அதைவிட என்னை உலுக்கியது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. துறைகளுக்கிடையிலான ஒருங்கிணைப்பைக் கூட்டுவதால் குழந்தையின் முன்னேற்றத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. சேவையின் தரம் குறையத்தான் செய்தது. இதைப் படித்துவிட்டு என் பழைய புரொபோசல்களைப் புரட்டினேன். ஒவ்வொன்றிலும் "அனைத்துத் துறை ஒருங்கிணைப்புக் கூட்டம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, டீ, பிஸ்கட், மதிய உணவு" என்று ஒரு வரி இருந்தது. பக்கத்து அறையில் இருக்கிற இரவு வார்டனிடம் ஒரு குழந்தையைப் பற்றிக் கேட்காத நாங்கள், ஏழு துறைகளைக் கூட்டிவைத்துக் கூட்டம் போட்டிருக்கிறோம்.

இரண்டாவதாகக் கிடைத்தது விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரத்து அறிக்கை, 2005-ல் வந்தது. 2003 ஜனவரிக்கும் 2004 செப்டம்பருக்கும் நடுவே அரசுப் பராமரிப்புக்குள் வந்த குழந்தைகளைப் பற்றியது. ஒரே கேஸ் ஒர்க்கரிடம் இருந்த குழந்தைகளில் 74.5 சதவீதத்தினருக்கு நிலையான வீடு அமைந்தது என்றும், கேஸ் ஒர்க்கர் இரண்டு பேரானபோது அது 17.5 சதவீதமாக விழுந்தது என்றும், ஆறேழு பேர் மாறியவர்களில் 0.1 சதவீதம் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. நீண்ட காலம் தங்க நேரும் குழந்தை அதிகம் பேரைப் பார்க்கத்தான் செய்யும் என்பதால் இந்த எண்களை அப்படியே காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் அந்தப் பட்டியலின் முன்னால் உட்கார்ந்து என் பையனை எந்த வரிசையில் வைப்பது என்று யோசித்தேன். என்னோடு சேர்த்து நாலு.

அப்புறம், கிளிசன் ஆய்வோடு நின்றுவிடவில்லை. அலுவலகத்தை மாற்றுவதற்கென்றே ஒரு முறையை உருவாக்கினார். அதன் பெயர் ஏ.ஆர்.சி. (ARC). அந்த மூன்று எழுத்துகளுக்கும் பொருள்: தேவைப்படும்போது கிடைப்பது, காது கொடுப்பது, தொடர்ச்சி. அதில் சொல்லப்படும் கொள்கைகளில் இரண்டை நான் எங்கள் சுவரில் எழுதி ஒட்டினேன். விதியைக் காப்பாற்றுவதைவிட நோக்கத்தைக் காப்பாற்று. முடிவெடுப்பதில் அந்த முடிவின்படி வேலை செய்யப்போகிறவர்களைச் சேர்த்துக்கொள். 2016-ல் அமெரிக்க மத்திய அரசின் குழந்தைகள் பணியகம், குழந்தைகள் நல ஊழியர்கள் வேலையில் நிலைப்பதற்கென்றே ஒரு மையத்துக்குப் பணம் ஒதுக்கியது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் பொறுப்பேற்றது. எட்டு இடங்களில் வேலை நடந்தது. செரோக்கி பழங்குடியினரின் நல அலுவலகமும் அதில் ஒன்று. அந்த எட்டில் மில்வாக்கியும் உண்டு. அது சரிசெய்யத் தேர்ந்தெடுத்தது அலுவலகச் சூழலைத்தான். அலுவலகத்தைச் சரிசெய்யப் பணம் கேட்பது அதிசயமான கோரிக்கை இல்லை என்பதற்கு இது எனக்குக் கிடைத்த சாட்சி.

நம் ஊரில் பணமே இல்லையா என்றால், இருக்கிறது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கிட்டுச் செலவு செய்கிறார்கள். வறுமையால் மட்டும் இல்லத்துக்கு வந்த குழந்தையை வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. அந்த வழியில் எத்தனையோ குழந்தைகள் வீட்டில் இருக்க முடியும். ஆனால் அதை வாங்க வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, வீட்டு விசாரணை எல்லாம் வேண்டும். இதற்கெல்லாம் ஒரு ஆள் நடக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போகும். தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் நடந்த கொடுமைகளைப் பற்றி 2007-ல் வந்த ஒரு கட்டுரையிலிருந்து தொடங்கிய வழக்கில், 2017 மே 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மதன் லோகூரும் தீபக் குப்தாவும் தீர்ப்பளித்தார்கள். எல்லா இல்லங்களையும் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்ட அந்தத் தீர்ப்பில், மத்திய அரசு தந்த மானியத்தைச் செலவழிக்காமல் திருப்பி அனுப்புவதால் யாருக்கும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கென்று 1920-லேயே, இந்தியாவில் முதலாவதாகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம். நூறு வருஷம் தாண்டியும், சட்டத்துக்கும் குழந்தைக்கும் நடுவில் நிற்கிற அந்த ஒரு ஆளைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது விண்ணப்பத்தில்தான் உண்மையான சிரமம். 'பிரச்சினை' என்று தலைப்புப் போட்ட பகுதியில் எப்போதும் வறுமை, குடி, பெற்றோர் பிரிவு என்று எழுதுவோம். இந்த முறை எங்களைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. கடந்த மூன்று ஆண்டு ஃபைல்களை எடுத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனை கேஸ் ஒர்க்கர் மாறினார்கள், விசாரணை அறிக்கை எத்தனையாவது நாள் முடிந்தது, யாராவது நேரில் வீட்டுக்குப் போனார்களா என்று மூன்று கட்டம் போட்டு எண்ணினேன். அதை எங்கள் செயலாளர் அம்மாவிடம் கொண்டுபோய் வைத்தேன். முப்பது வருஷமாக இந்த இல்லத்தை நடத்துபவர். தன் நகையை அடகு வைத்துக் குழந்தைகளுக்குச் சோறு போட்டவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார். "நம்ம குறைய நாமளே எழுதிக் கொடுக்கணுமா தம்பி? நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வர்றவங்க கையில இது கிடைச்சா?" என்றார்.

நியாயமான பயம். எனக்கும் அது இருந்தது. இரண்டு நாள் அந்தக் காகிதம் அவர் மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் கூப்பிட்டார். ஒரு ஃபைலின் பெயரைச் சொல்லி, "இந்தப் பொண்ணுக்குமா யாரும் வீட்டுக்குப் போய்ப் பாக்கல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அனுப்பு" என்றார்.

அதற்கு முன்னால் ஒன்று செய்தோம். சுவரில் எழுதி ஒட்டியதற்காகவாவது செய்ய வேண்டுமே என்று, முதல் முறையாகக் கேஸ் கூட்டத்துக்கு வார்டன் அக்காக்களையும் சமையல்கார அம்மாவையும் கூப்பிட்டோம். பதினாறு வருஷமாக இரவுப் பணி பார்க்கும் அக்கா, சுவரோரமாகவே நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் அக்கா என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பையனின் பெயர் வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "சார், அவன் சனிக்கெழம ராத்திரி மட்டும் சாப்பிட மாட்டான். அவங்கப்பா சனிக்கெழமதான் வாரக்கூலி வாங்கிட்டு, புரோட்டா பார்சல் கட்டிட்டு வருவாராம். தட்ட கையில வச்சிட்டு கேட்டையே பாத்துட்டு இருப்பான்."

மூன்று கையெழுத்துகளில் எதிலும் இது இல்லை. எங்கள் உளவியல் ஆலோசகரின் குறிப்பில் 'உணவில் ஆர்வமின்மை' என்று ஒரு சொல் இருந்தது. அக்காவிடம் ஏழு மாதமாக யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, சொல்வது தன் வேலை இல்லை என்று நினைத்திருக்கிறார்.

அன்றைய கூட்டத்தில்தான் முதல் பக்கம் என்ற யோசனை வந்தது. அதுவும் அக்கா சொன்னதுதான். ஒவ்வொரு ஃபைலின் மேலேயும் ஒரே ஒரு தாள். இந்தக் குழந்தையைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன, மறுபடியும் கேட்கவே கூடாதது என்ன. அவனுடைய தாளில் இப்படி எழுதினோம்: "அப்பா இறந்ததைப் பற்றிக் கேட்க வேண்டாம். பக்கம் 3-ல் இருக்கிறது. சனிக்கிழமை இரவு யாராவது பக்கத்தில் உட்காரவும்."

பணம் கேட்கிற விதத்தையும் மாற்றினேன். இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வெளிநாட்டு நன்கொடைக்கான சட்டத்தை 2020-ல் திருத்தியபோது, நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தார்கள். அதிலிருந்து சம்பளம் என்ற சொல்லைப் பார்த்தாலே எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு நடுக்கம். ஆனால் அந்தச் சட்டத்தின் விதிகளிலேயே, நல அமைப்பு ஒன்றின் நோக்கத்துக்காக நேரடியாக ஆகும் செலவு நிர்வாகச் செலவில் சேராது என்றும், ஆஸ்பத்திரியில் டாக்டர் சம்பளம், பள்ளியில் ஆசிரியர் சம்பளம் போன்றவை அதற்கு உதாரணம் என்றும் இருக்கிறது. எங்கள் ஆடிட்டர்தான் அந்த வரியைக் காட்டினார். குழந்தைகள் இல்லத்தில் கேஸ் ஒர்க்கர் யார்? பள்ளியில் ஆசிரியர் எப்படியோ அப்படி. இந்த வாதத்தை பட்ஜெட் குறிப்பிலேயே எழுதினோம். சி.எஸ்.ஆர். விதிகளில் உள்ள 5 சதவீத உச்சவரம்பும் கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்குத்தான். குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் வராது. பல கம்பெனிகளில் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு எங்கள் தலையில் இறக்குகிறார்கள். சண்டை போடாமல், விதியை மேற்கோள் காட்டி ஒரு பக்கம் இணைத்தால் போதும். 2021-ல் வந்த விதிகளில் தொடர் திட்டம் என்று ஒரு வகை இருக்கிறது. தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுவரை நடத்தலாம். அலுவலகத்தை மாற்றுகிற வேலைக்கு அதுதான் பொருந்தும். மார்ச்சுக்குள் முடிக்க வேண்டிய பணத்தை இதற்கு வாங்கவே கூடாது என்பது என் கருத்து. வாங்கினால் மறுபடியும் ஒரு வருஷத்துக்கு ஆள் எடுத்து, குழந்தைகளோடு பழகவிட்டு, பணம் தீர்ந்ததும் அனுப்புவோம். குழந்தைக்கு இன்னொரு பிரிவுத் துயரை நாமே செலவு செய்து உண்டாக்கினது மாதிரி ஆகிவிடும்.

விளைவைக் காட்டும் பகுதியில் 'பயிற்சி பெற்ற ஊழியர் எண்ணிக்கை' போன்றவற்றை எல்லாம் எடுத்துவிட்டேன். குழந்தை தன் கதையை எங்கள் இல்லத்துக்குள் எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது என்பதை முதல் அளவுகோலாக வைத்தேன். எத்தனை கேஸ் ஒர்க்கர், விசாரணை அறிக்கை எத்தனை நாளில், நேரில் எத்தனை வீட்டு வருகை என்பவை அதற்கடுத்து.

இந்த விண்ணப்பத்தை ஐந்து இடங்களுக்கு அனுப்பினோம். மூன்று இடத்திலிருந்து பதில் இல்லை. ஒரு இடத்தில், இதை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்மார்ட் வகுப்பறை ஒன்றைச் சேர்த்தால் பரிசீலிக்கலாம் என்றார்கள். ஐந்தாவது இடத்திலிருந்து ஒரு பெரியவர் நேரில் வந்தார். கட்டடத்தைச் சுற்றிக் காட்டத் தயாராக இருந்தோம். அவர் நேராக ஆபீஸ் அறைக்கு வந்து, பெயர் மறைத்த ஒரு ஃபைலைக் காட்ட முடியுமா என்று கேட்டார். பெயர், ஊர், முகவரி எல்லாவற்றையும் மறைத்து நகல் எடுத்துக் கொடுத்தேன். மூன்று கையெழுத்துகளையும் வாசித்தார். வாசித்துவிட்டு, ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி, "அங்க நர்ஸ் ஷிஃப்ட் மாறும்போது கட்டில் கட்டிலா நின்னு சொல்லிட்டுப் போவாங்க. இங்க அது இல்லையா?" என்றார். இல்லை சார் என்றேன். மூன்று வருஷத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். 15 நாள் ஒப்படைப்பை மட்டும் 7 நாளாகக் குறைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து நாங்கள் திரும்பவும் எழுதிக் கேட்டபோது 15 ஆக்கினார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வாரக் கூட்டம் முதல் நாலு மாதம் புகார் படிக்கிற கூட்டமாகத்தான் இருந்தது. வார்டன் அக்காக்கள் பேசினால் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி) படித்துவிட்டு வந்த பிள்ளைகளின் முகம் மாறியது. படித்தவர்கள் ஆங்கிலச் சொல்லில் பேசினால் அக்காக்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு நாள் செயலாளர் அம்மாவே குறுக்கிட்டு, இந்த அறையில் முதலில் பேசுவது இரவுப் பணி முடித்தவர்கள்தான் என்று முறை வைத்தார். அதற்கப்புறம்தான் கூட்டம் கூட்டமாக ஆனது. சம்பளம் கூட்டியும் இரண்டாம் வருஷம் ஒருவர் போகத்தான் செய்தார். அரசு வேலை கிடைத்தால் யாரைத்தான் நிறுத்த முடியும்?

பையனின் அம்மாவை, நான் ஃபைலை விரித்துப் பார்த்த அந்த வாரமே போய்ப் பார்த்தோம். மில் விடுதியில் தங்கி வேலை செய்தார். மகன் பாட்டியிடம் இருப்பதாகவும், தன்மேல் கோபித்துக்கொண்டு பேச மறுப்பதாகவும் நினைத்துக்கொண்டிருந்தார். கண் தெரியாத பாட்டி, பயத்தில், உண்மையைச் சொல்லவில்லை. நிதி ஆதரவுக்கு விண்ணப்பித்து, குழுவின் உத்தரவு வாங்கி, ஊரிலேயே வேறு வேலை அமைந்து, அவன் வீட்டுக்குப் போக இன்னும் ஐந்து மாதம் ஆயிற்று. முதல் வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டிய வேலை. அந்த ஏழு மாதத்தை அவனுக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

இரண்டாம் வருஷம் அந்த அரசு வேலை கிடைத்துப் போன பெண்ணின் ஒப்படைப்பை நான் கூடவே இருந்து பார்த்தேன். அவரிடம் பதினெட்டுக் குழந்தைகள் இருந்தார்கள். புதிதாக வந்தவர், முதல் வாரம் எதுவுமே கேட்கக் கூடாது. ஃபைல் படிக்க வேண்டும், மதியச் சாப்பாட்டில் உட்கார வேண்டும், கேரம் ஆட வேண்டும். இரண்டாவது வாரம் மூன்று பேரும் சேர்ந்து உட்காருவார்கள்: போகிறவர், வருகிறவர், குழந்தை. எதை எல்லாம் புதிய அக்காவிடம் சொல்லலாம் என்று குழந்தையைக் கேட்டுக்கொண்டுதான் முதல் பக்கத் தாளைத் திறப்பார்கள்.

ஒன்பது வயதுப் பெண். தாளைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். முதல் இரண்டு வரிக்கும் தலையாட்டினாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. போகிற அக்காவைப் பார்த்தாள், வருகிற அக்காவைப் பார்த்தாள். மேசையில் இருந்த பேனாவை எடுத்து அந்த வரியை மெதுவாக, எழுத்து தெரியாதபடி அடித்தாள்.

"இத நானே அப்புறமா சொல்லிக்கிறேன்" என்றாள்.